அரிச்சந்திரன் யாரைப் ‘புத்தி’ என்று விளித்தான்? கூத்துப் பிரதியும் கணினிக் கணக்கும்

எங்க பெரியப்பா கூத்து வாத்தியார் இல்லை, வேஷக்காரர்தான். அரிச்சந்திரன் கூத்தில் மயான காண்டத்துக்கு வீரவாகு வேஷம் கட்டுவார். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில் உத்தனப்பள்ளியைச் சுத்தி இருக்கிற சேரிகளில் அந்த வேஷத்தால் அவருக்கு ஒரு பேர் இருந்தது. அவர் போனபிறகு டிரங்குப் பெட்டியில் மிஞ்சியது பழுப்பேறிப்போன ஒரு நீள நோட்டு. எழுத்து முழுக்கத் தமிழ். படிக்க ஆரம்பித்தால் ஒரு வரி தமிழ், அடுத்த வரி தெலுங்கு, கட்டியக்காரன் வாயைத் திறந்தால் கன்னடம். எல்லையில் பிறந்த கூத்து அப்படித்தான் இருக்கும். இதை எந்த மொழி இலக்கியத்தில் சேர்ப்பது என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

நோட்டை நானே கணினியில் தட்டச்சு செய்தேன். சும்மா காப்பாத்தி வைக்கத்தான். பிறகு ஓர் ஆசையில், சொற்களை எண்ணித் தருகிற ஒரு நிரலில் போட்டுப் பார்த்தேன். எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று அது பட்டியல் போட்டது. பட்டியலின் மேல்பகுதியில் ‘புத்தி’ உட்கார்ந்திருந்தது. பொருள் சொல்கிற இன்னொரு நிரல் அதற்குப் பக்கத்தில் ‘அறிவு’ என்று எழுதியது. கொஞ்சம் கீழே ‘ஒரே’. அதற்கு ‘ஒன்று மட்டும்’ என்று பொருள் போட்டது.

எங்க பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய மைசூர்ச் சீமையில் பண்ணை வேலை செய்கிற தலித் சனங்கள் நிலக்காரனைக் கூப்பிடுகிற சொல் ‘புத்தி’. வடதமிழ்நாட்டுப் பறைச்சேரியில் ‘ஆண்டே’ என்பது எதுவோ, அங்கே ‘புத்தி’ அது. ‘ஒரே’ தெலுங்கு, நம்ம ‘அடே’தான் அது. ஆக நிரலின் கணக்குப்படி, என் பாட்டன் பெரிய வீட்டு வாசலுக்கு எட்டத்தில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்னு ‘அறிவே, அறிவே’ என்று கூப்பிட்டிருக்கிறான். உள்ளே இருந்து வந்த பதில், ‘ஒன்று மட்டும், ஏன்டா வந்தே?’

சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் இது ஒரு நிரலின் கோளாறு இல்லை. பழைய நாடகங்களைக் கணினி வைத்து எண்ணிப் படிக்கிற முறை ஒன்று உலகம் முழுக்கப் பரவிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு நம்ம நாடகங்களையும் கூத்துகளையும் அப்படித்தான் எண்ணப்போகிறார்கள். எண்ணுவதற்கு முன்னால் எதைத் தூசி என்று தட்டிவிடுகிறார்களோ அதில்தான் நம்ம சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையின் வழக்கு இதுதான்.

முதலில் அந்த முறையின் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 1787, 88-இல் அமெரிக்காவில் புனைபெயரில் வந்த ‘ஃபெடரலிஸ்ட்’ கட்டுரைகள் 85. அவற்றில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா மாடிசனா என்று நீண்டகாலச் சண்டை. மாஸ்டெல்லர், வாலஸ் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் 1964-இல் அதற்கு ஒரு முடிவு சொன்னார்கள். அவை மாடிசனுடையவை என்றார்கள். எப்படி? சுதந்திரம், அரசாங்கம் மாதிரிப் பெரிய சொற்களை அவர்கள் நம்பவில்லை. ‘அப்பான்’ மாதிரிச் சின்னச் சொற்களை எண்ணினார்கள். பெரிய சொல்லை மனுசன் யோசித்துப் போடுகிறான். சின்னச் சொல் கை தன்னால் போடுவது. அங்கேதான் அவன் பிடிபடுகிறான்.

ஆஸ்திரேலியாவில் ஜான் பர்ரோஸ் 1987-இல் ஜேன் ஆஸ்டின் நாவல்களை இதே மாதிரி எண்ணினார். ஒவ்வொரு பாத்திரத்தின் பேச்சையும் தனித்தனியாகப் பிரித்து, மிகச் சாதாரணமான சொற்களின் கணக்கை மட்டும் வைத்தே ஒரு பாத்திரம் இன்னொன்றிலிருந்து எப்படி விலகுகிறது என்று காட்டினார். ஷேக்ஸ்பியரும் தப்பவில்லை. 2016-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டுப் பதிப்பு ஆறாம் ஹென்றி நாடகங்கள் மூன்றிலும் மார்லோவின் பெயரையும் சேர்த்துப் போட்டது. அதற்குப் பின்னால் இந்தச் சொல் கணக்கும் இருந்தது. மக்பெத்தில் ஏன் இத்தனை பயம் அப்பிக்கிடக்கிறது என்று கேட்ட ஹோப், விட்மோர் இருவரும் ரத்தம், இரவு என்று தேடிப்போகாமல் ‘தி’ என்கிற ஒன்றுமில்லாத சொல்லில் போய் நின்றார்கள். ஷேக்ஸ்பியரின் மற்ற நாடகங்களைவிட அந்த நாடகத்தில் அது கூடுதலாக வருகிறது என்று கண்டார்கள்.

சின்னச் சொல்லில்தான் பாத்திரம் இருக்கிறது, பயம் இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்ததை எங்க சனங்க பிறந்ததிலிருந்தே அறிவார்கள். தமிழில் ‘தி’ கிடையாது. அந்த வேலையைச் செய்வது சொல்லின் வால். வா, வாடா, வாங்க, வாங்க சாமி. நாலுக்கும் அகராதியில் ஒரே பொருள். நாலுக்கும் நடுவில்தான் ஊரும் சேரியும் இருக்கிறது. ஒரு மனுசன் ‘டா’ வாங்குகிறானா ‘ங்க’ வாங்குகிறானா என்பதைத் தெரிந்துகொண்டால் அவன் வீடு எந்தத் திசையில் இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

இப்போது கணினி என்ன செய்கிறது பாருங்கள். தமிழில் சொற்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வதால், ‘வந்தேனுங்கசாமி’ என்று எழுதியிருந்தால் அதற்கு அது ஒற்றைச் சொல். நோட்டு முழுக்க ஒரே தடவைதான் வந்திருக்கும். எனவே கணக்கில் ஒன்றுமில்லாததாகப் போய்விடும். இதைச் சரிசெய்ய வாலை வெட்டி வேரை மட்டும் எடுக்கிறார்கள். ‘வா’ மிஞ்சும். மிச்சம் கழிவு. அடிக்கடி வந்து தொல்லை தருகிற சொற்கள் என்று ஒரு விலக்குப் பட்டியலும் வைத்துக்கொள்கிறார்கள். பேச்சு வழக்கைச் செந்தமிழாகத் திருத்திவிட்டு எண்ணத் தொடங்குகிறவர்களும் உண்டு. இதற்கெல்லாம் சுத்தம் செய்தல் என்றே பேர். மேல்நாட்டில் கணக்கின் உயிரே சின்னச் சொல் என்றால், இங்கே முதல் துடைப்பம் சின்னச் சொல் மேலேயே விழுகிறது. சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கு ஏன் எச்சரிக்கை வருகிறது என்று தனியாகச் சொல்லவேண்டுமா?

எழுத்தளவிலும் ஒரு கதை இருக்கிறது. ‘நந்தா’ என்றால் நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடு முறையில் கணினிக்கு ஐந்து குறி. ந, மறுபடி ந, ஒரு புள்ளி, த, ஒரு கால். கூப்பிடுகிறபோது நீட்டுகிற அந்தக் கால் தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். விளிக்கிற ஓசை அதற்கு ஒரு ஒட்டுத்துண்டு.

தமிழில் சொல் எண்ணுவது கணினிக்கு முன்பே நடந்திருக்கிறது. 1966-இல் ந. சுப்பிரமணியன் தொகுத்த பல்லவர்க்கு முந்திய தமிழ்ச் சொல்லடைவைச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதைத் தொட்டே புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழந்தமிழ் இலக்கியத்துக்குச் சொல்லடைவு போட்டது. மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 1990-களில் அச்சிட்ட தமிழிலிருந்து சொல்தொகை திரட்டியது. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கி, ஆர்வலர்களே உட்கார்ந்து தட்டச்சு செய்து, பள்ளும் குறவஞ்சியும் வரை ஏற்றினார்கள். பெரிய உழைப்பு. குறை சொல்ல எனக்கு வாயில்லை. யார் எழுதியது என்கிற கேள்வியும் தமிழில் கணக்குக்கு வந்துவிட்டது. ‘இந்தியா’ பத்திரிகையில் பெயர் போடாமல் வந்த கட்டுரைகளில் பாரதியுடையவை எவை என்று புள்ளியியல் முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லாம் எழுதினது, அச்சானது. முக்கூடற்பள்ளுக்கு ஆசிரியர் பெயர் தெரியாது. பண்ணைக்காரன் பள்ளனைக் குட்டையில் மாட்டுகிற அந்த நாடகத்தில் நெல்லின் பேரும் மாட்டின் பேரும் மீனின் பேரும் சரம்சரமாக வருகின்றன. ஒரு புலவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அத்தனை பேரையும் கண்டுபிடித்திருக்க முடியாது, வயலில் நின்றவன் வாயிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்த வாய் யாருடையது என்று எண்ணிப் பார்க்கிற ஆராய்ச்சி எதையும் நான் பார்த்ததில்லை.

சரி, நந்தனுக்கு வருவோம். எண்ணிப் படிக்கிற முறை எங்கே உதவும், எங்கே ஏமாற்றும் என்று பார்க்க நந்தன் சரித்திரத்தைவிட நல்ல இடம் இல்லை.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நாளைப்போவாருக்குக் கிடைத்தது ஒரு சொற்றொடர். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டுத் தந்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 பாட்டுப் பாடினார். அதில் ஆதனூர்ப் புலைப்பாடி வருகிறது, நந்தனார் வருகிறார், கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். அவருக்குத் தொழிலுக்கு விட்ட நிலம் இருக்கிறது. சேக்கிழார் அதைப் பறைத்துடவை என்கிறார். ஆண்டை மட்டும் இல்லை. அந்த வேதியரைக் கொண்டுவந்து நிறுத்தியவர் கோபாலகிருஷ்ண பாரதி. 1860-களின் தொடக்கத்தில் காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி சிசேயின் உதவியோடு அச்சேறிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் நந்தன் பண்ணை அடிமை. நாற்பது வேலி நிலத்தை முடித்துவிட்டுச் சிதம்பரம் போ என்கிறார் வேதியர். நாற்பது வேலி என்றால் இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேல். இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத சொற்களை மட்டும் எடு என்று கணினியிடம் சொன்னால், பண்ணை, ஆண்டை, அடிமை என்று ஒரு தஞ்சாவூரே பாரதி பக்கம் கொட்டும். பாரதி பக்தியைப் பாடப்போய் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் காவேரிக்கரைப் பண்ணையை எழுதிவிட்டார் என்பதற்கு அது சாட்சி. இதை வெறும் வாசிப்பிலேயே பலர் சொல்லியிருக்கிறார்கள். கணினி சொன்னால் மறுக்கமுடியாது, அவ்வளவுதான்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விளி. வேதியர் நந்தனை ஒருமையிலும் புலையா என்கிற சாதிப்பேரிலும் கூப்பிடுகிறார். நந்தன் பக்கமிருந்து ஐயா, சாமி என்று மேல்நோக்கிப் போகிறது. இவற்றைக் காட்சி காட்சியாக ஒரு கட்டத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டு போனால் ஒரு கோடு கிடைக்கும். அந்தக் கோடு எந்த இடத்தில் முறிகிறது? நந்தன் நாள்தோறும் உழைக்கிற இடத்தில் இல்லை. அவன் கெஞ்சுகிற இடத்திலும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக நாற்பது வேலியும் தெய்வச் செயலால் விளைந்து நிற்பதைப் பார்த்து வேதியர் காலில் விழுகிற இடத்தில்தான் முறிகிறது. காலமெல்லாம் நட்டு அறுத்தவனுக்குக் கிடைக்காத மரியாதைப் பன்மை, நடாமல் விளைந்த நெல்லுக்குக் கிடைக்கிறது. இந்தக் கோட்டை வரைந்து காட்டினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

ஆனால் சொல்லை மட்டும் எண்ணினால் இது வராது. ஏனென்றால் ‘அடே’ என்று வேதியரும் கூப்பிடுவார், சேரிப் பெரியவரும் கூப்பிடுவார். வேதியரின் ‘அடே’ மிதிக்கிறது. சேரிக் கிழவன் ‘அடே நந்தா, இந்தப் பைத்தியம் உனக்கு வேண்டாம்டா’ என்கிற மாதிரிப் பேசினால் அது பெற்றவன் பிள்ளையைப் பிடித்து இழுப்பது. கணினிக்கு இரண்டும் ஒன்று. அதனால் ஒவ்வொரு விளிக்கும் யார், யாரை, எங்கே நின்றுகொண்டு என்று மூன்று குறிப்பைக் கையால் எழுதவேண்டும். எழுதினபிறகு எண்ணவேண்டும். சலிப்பான வேலை. நாத்து நடுகிற மாதிரி, குனிந்தால் நிமிரமுடியாது. நம்ம ஆட்கள் செய்தால்தான் சரியாக வரும் என்பேன். மிதிக்கிற ‘அடே’வுக்கும் இழுக்கிற ‘அடே’வுக்கும் வித்தியாசம் காதில் விழவேண்டுமே.

இன்னொரு எச்சரிக்கையும் இருக்கிறது. கீர்த்தனையில் ‘நந்தன் சொல்வது’ என்று போட்டிருப்பதையெல்லாம் திரட்டி இதுதான் நந்தன் மொழி என்று கணக்குக் காட்டினால் அது பெரிய மோசடி. பாரதி அதைப் பாடியது கதாகாலட்சேபத்தில். ஒரே ஆள் நின்று எல்லாருக்கும் பேசுவார். நந்தனின் கெஞ்சலும் வேதியரின் அதட்டலும் ஒரு பிராமணத் தொண்டையிலிருந்து வந்தவை. எனவே எண்ணக் கிடைப்பது, பறையன் இப்படித்தான் பேசுவான் என்று ஒரு பிராமணக் கலைஞர், இளகின மனசோடுதான், நினைத்துக்கொண்டது. அந்த நினைப்பும் சரித்திரம்தான். ஆனால் அது நந்தனின் சரித்திரம் இல்லை.

அந்த பாரதியையே மொழிக்காவலர்கள் எப்படி நடத்தினார்கள் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப்பாயிரம் கேட்டுப் பாரதி நடையாய் நடந்தார். நூலில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று பிள்ளை தள்ளிப்போட்டார். ஒருநாள் காத்திருந்த நேரத்தில் பாரதி தனக்குள்ளே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுக் கரைந்துபோய்த்தான் கொடுத்தார். பேச்சுத்தமிழ் கலந்த பிராமணருக்கே வாசலில் இவ்வளவு நேரம் நிற்கவேண்டியிருந்தது என்றால், தெலுங்கும் கன்னடமும் கலந்து சேரியில் எழுதின நோட்டுக்கு எந்த வாசல் திறக்கும்? பிள்ளைக்காவது பாட்டைக் கேட்டதும் கண்ணீர் வந்தது.

நந்தனைப் பற்றி இன்னொரு கணக்கு. சேக்கிழாரில் நந்தனார் தீயில் இறங்கி மறைமுனிவராகப் பூணூலோடு வெளியே வருகிறார், கோயிலுக்குள் போகிறார், மறைந்துபோகிறார். தீயிலிருந்து வந்தபிறகு அவர் ஒரு வார்த்தை பேசுவதாகச் சேக்கிழார் பாடவில்லை. பாத்திரம் பாத்திரமாகப் பேச்சை எண்ணுகிற அட்டவணையில் அந்தக் கட்டத்தில் பூச்சியம் விழும். பூச்சியத்துக்கு எந்த நிரலும் விளக்கம் தராது. அந்தப் பூச்சியத்தைப் பார்த்துத்தான் அயோத்திதாசப் பண்டிதர் வேறு கதை சொன்னார் என்று எனக்குத் தோன்றும். 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கின அவர், நந்தன் பௌத்த அரசன், அவனை அழித்தவர்கள் அவன் கதையைத் திரித்தார்கள் என்று எழுதினார். அவர் செய்ததும் சொல் ஆராய்ச்சிதான். பறையன், பார்ப்பான், அந்தணன் என்று ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப்போட்டு, வேஷப் பிராமணர், யதார்த்தப் பிராமணர் என்று பிரித்து, சொல்லுக்குள்ளே சரித்திரம் தேடினார். அவர் முடிவுகளை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். சொல் ஆராய்ச்சி என்பது நமக்கு மேல்நாட்டிலிருந்து வந்து இறங்கின புதுச்சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். இதே நந்தன் பேரை 1916-இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் பள்ளிக்கூடத்துக்கு வைத்து நம்ம பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். ஒருவர் கதையை மறுத்தார், ஒருவர் பேரை எடுத்துக்கொண்டார். இரண்டும் நமக்கு வேண்டியிருந்தது.

நந்தன் மேலே போய் மறைகிற கதை. அரிச்சந்திரன் கீழே இறங்கி வருகிற கதை. அதனால்தானோ என்னவோ எங்க பக்கம் சேரிகளில் நந்தன் கூத்து நான் பார்த்ததில்லை, அரிச்சந்திரன் கூத்து பார்த்திருக்கிறேன். பொய் சொல்லாத ராஜா நாட்டை இழக்கிறான். பெண்டாட்டி சந்திரமதியையும் பிள்ளையையும் காலகண்ட ஐயருக்கு விற்கிறான். தன்னைச் சுடுகாட்டுக் காவலுக்கு வீரவாகுவிடம் விற்றுக்கொள்கிறான். வீரவாகு புலையன். புராணமாகவும் விலாசமாகவும் பெரிய எழுத்துப் புத்தகமாகவும் இது அச்சில் வந்தது. ராஜாவை விலைக்கு வாங்குகிற பறையன் தமிழ் நாடக மேடையில் வேறு எங்கே இருக்கிறான்? பிணத்துக்குக் கால்பணமும் முழத்துண்டும் எடைபிசகாமல் எசமானுக்குப் போய்ச் சேரவேண்டும், வாய்க்கரிசி காவல்காரனுக்கு. செத்த பிள்ளையைத் தூக்கிவந்த சொந்தப் பெண்டாட்டியிடமும் ராஜா அந்தக் கணக்கைக் கேட்கிறான். வடமாவட்டச் சுடுகாடுகளில் பாடையை இறக்குகிற அரிச்சந்திரன் கல் இந்தக் கதையின் மிச்சம். அங்கே நின்று அரிச்சந்திரன் பேரைச் சொல்லுகிற வெட்டியான் தன்னை அந்த ராஜாவோடும் சேர்த்துக்கொள்கிறான், அந்த எசமானோடும் சேர்த்துக்கொள்கிறான்.

இதைப் புகழ்ந்து தள்ளவும் நான் தயாரில்லை. ராஜாவுக்கு இதைவிடக் கேவலம் வராது என்று காட்டத்தானே புராணக்காரன் பறையனைக் கொண்டுவந்து நிறுத்தினான்? கடைசியில் தெய்வங்கள் வந்து ராஜாவை மறுபடி சிம்மாசனத்தில் ஏற்றுகிறார்கள். சுடுகாடு சுடுகாடாகவே இருக்கிறது. ஆனால் விடிய விடிய நடக்கிற கூத்தில், பாதி ராத்திரிக்குமேல் சில நாழிகை, விளி தலைகீழாகப் போகிறது. ராஜா கைகட்டி நிற்கிறான். வீரவாகு ‘ஒரே’ என்கிறான். அந்தச் சில நாழிகைக்காகத்தான் எங்க சனங்க கண்விழித்தார்கள் என்று நினைக்கிறேன். பெரியப்பா அந்த இடத்தில் காலைப் பரப்பி நின்று மீசையைத் தடவினால் சேரியே எழுந்து கத்தும்.

நோட்டில் ‘புத்தி’ யார் யாரைக் கூப்பிடுகிற சொல் என்று குறிக்க ஆரம்பித்தபோதுதான் இதைக் கவனித்தேன். பண்ணையாள் ஆண்டையைக் கூப்பிடுகிற சொல் என்று நான் பிறந்தது முதல் அறிந்த ‘புத்தி’, இந்தக் கூத்தில் அரிச்சந்திரன் வீரவாகுவைக் கூப்பிடுகிற சொல். அச்சான தமிழ்ப் புத்தகத்தில் இந்தக் கன்னட விளி வர வழியில்லை. வாத்தியாரோ, பெரியப்பாவோ, அவருக்கு முந்தின ஒரு வேஷக்காரரோ, தன் வாயால் காலமெல்லாம் பெரிய வீட்டு வாசலில் சொல்லிச்சொல்லிப் புளித்துப்போன ஒரு சொல்லை எடுத்து, ராஜாவின் வாயில் வைத்து, தன்னைப் பார்த்துச் சொல்ல வைத்திருக்கிறார். ‘அறிவு’ என்று பொருள் போட்டு நிரல் அதைத் தாண்டிப் போயிற்று.

இந்த மாதிரி நோட்டுகள் இன்னும் எத்தனை டிரங்குப் பெட்டிகளில் இருக்கின்றனவோ. பழைய அச்சு நாடகங்களுக்குச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் மாதிரி இடங்கள் இருக்கின்றன. கையெழுத்து நோட்டுகளுக்கு வீட்டுப் பரண்தான் நூலகம், கரையான்தான் நூலகர். ஆடுகிற கூத்தும் குறைந்துவிட்டது. உத்தனப்பள்ளிப் பக்கம் இப்போது கைபேசிக்குப் பாகம் செய்கிறார்கள். எங்க பெண்பிள்ளைகள் ஷிப்டு பஸ் ஏறிப் போகிறார்கள். நல்லதுதான், கைக்குச் சம்பளம் வருகிறது, யார் வாசலிலும் நிற்கவேண்டியதில்லை. ஆனால் ராத்திரி ஷிப்டு இருக்கிற ஊரில் விடிய விடியக் கூத்து எப்படி நடக்கும்? ரெண்டு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ரெண்டு மணி நேரத்தில் சுடுகாடு வராது.

சரி, வயசான வேஷக்காரர்களை உட்காரவைத்து வசனம் சொல்லச்சொல்லி, பேசினால் எழுதுகிற வசதியைக் கைபேசியில் போட்டால் வேலை சுலபமாகுமே என்று பார்த்தேன். முதலில் நானே சொல்லிப் பார்த்தேன். ‘வந்தனுங்க’ என்றேன். ‘வந்தேன் உங்க’ என்று எழுதியது. மறுபடி சொன்னேன். மறுபடி அதேதான். பணிந்து சொன்ன சொல்லின் வாலைப் பிய்த்து எதிராளிக்கு உரிமையாக்கிவிட்டது. கட்டியக்காரன் வசனத்தைச் சொன்னபோது அது பாதியில் நின்றேபோனது. பக்கத்தில் இருந்த எங்க அண்ணன் மகள், அந்தப் பாகங்களைக் கையால் பொருத்துகிறவள், ‘சித்தப்பா, அதுக்கு நம்ம பேச்சு தெரியாது, டிவி பேச்சு பேசுங்க’ என்றாள். டிவி பேச்சில் வீரவாகு பேசமுடியாது. அதனால் ஒலியை அப்படியே பதிந்துகொண்டு, பிறகு நானே ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதுகிறேன். யார், யாரை, எங்கே நின்று. இரண்டு பேர் பேச்சை முடித்திருக்கிறேன். ஒருவர் மாதிகர், தெலுங்கில்தான் கனவே காண்பார். அவர் அரிச்சந்திரன் வீரவாகுவைத் ‘தொரா’ என்கிறான். நோட்டில் ‘புத்தி’, அவர் வாயில் ‘தொரா’, பக்கத்து ஊர்ப் பறையர் கூத்தில் ‘ஆண்டே’. மூன்று மொழியிலும் அவரவர் வீட்டு வாசல் சொல்லை அவரவர் ராஜாவுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நிரலுக்கு இவை மூன்று தனிச் சொற்கள். என் அட்டவணையில் மூன்றும் ஒரே கட்டத்தில் இருக்கின்றன.

அட்டவணையில் ஒரு சிக்கல் மட்டும் முதலில் தீராமல் இருந்தது. நோட்டில் சில ‘புத்தி’யைச் சுத்திப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கிறது. எழுத்துப்பிழை திருத்தம் என்று நினைத்து நான் அதைத் தட்டச்சில் சேர்க்கவில்லை. போன தை மாசம் பெரியம்மாவிடம் கேட்டேன். கண் தெரியாத கிழவி, நோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘அதெல்லாம் ஊருக்குள்ள ஆடறப்போ சொல்லக்கூடாத எடம்டா’ என்றாள். சேரியில் ஆடினால் ராஜா வீரவாகுவைப் ‘புத்தி’ என்பான். ஊர்த்தெருவில், பந்தலுக்கு முன்வரிசையில் நிஜப் புத்திகள் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறபோது, அந்த வரி வந்ததும் மிருதங்கக்காரர் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாராம், கட்டியக்காரன் குறுக்கே பாய்ந்து எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பானாம். சொல் அந்தச் சிரிப்பில் முங்கிப்போகும்.

எழுதியிருக்கிறது, சொல்லவில்லை. இதை ஒன்று என்று எண்ணுவதா, எண்ணாமல் விடுவதா? நோட்டை மறுபடி எடுத்து வட்டங்களை எல்லாம் ஏற்றினேன். அட்டவணையில் இப்போது யார், யாரை, எங்கே என்பதோடு நாலாவதாக ஒரு பத்தி இருக்கிறது. அதன் தலைப்பில் ‘சேரியில் / ஊரில்’ என்று எழுதியிருக்கிறேன். ‘ஊரில்’ என்கிற பக்கத்தில், வட்டம் இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் நேராக, ‘மிருதங்கம்’ என்று போட்டுக்கொண்டு வருகிறேன்.